கட்டிக்கொள்ள மறுத்த ராத்திரி

மதுரையைத் தூங்காத ஊர் என்பார்கள். யுத்தமும் போராட்டமும் சேர்ந்து வந்த அந்த வருஷம், ஊரைக் கழுத்தைப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். தந்திக் கம்பி அறுந்து, தண்டவாளம் பெயர்ந்து, வெள்ளைக்காரன் ஆட்சி இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தது. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. ராத்திரி இட்லிக்கடைகளில் அடுப்பு எரியவில்லை. நாடகத்துக்கு மட்டும் ஒரு சலுகை: கொட்டகைக்குள் போனவர்கள் காலையில் மில் சங்கு ஊதும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது. எங்களுக்கென்ன, நாங்கள் எப்போதும் விடிய விடிய ஆடுகிறவர்கள்தானே.

வில்லாபுரம் கொட்டகையில் அன்று நான் தினைப்புனம் காக்கும் குறத்தி. என்னைப் பெண் கேட்டு வரும் முருகன், என் வீட்டுக்காரர். அந்த மனுஷருக்கு வாய் சும்மா இருக்காது. முந்தின வாரம் சாமி பாட்டுக்கு நடுவே சர்க்கார் தடைசெய்த பாட்டு ஒன்றைச் செருகிவிட்டார். அதற்காகப் போலீஸ் ஏட்டையா ஒருவர் ஆட்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இடையில் திரைக்குப் பின்னால் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"சாமி வேசத்துல இருக்கவரு மேல கை வைக்க மாட்டேன் ஆத்தா. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு. மங்களம் பாடி முடிங்க, கூட்டிட்டுப் போறேன்."

சங்கு ஊதும்வரை நாடகத்தை இழுத்துவிட்டால் பிழைத்தோம். மில்லுக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைக்கும். பின்வாசல் வழியாக அதில் ஒருவராகக் கலந்துவிடுவார். அதற்குமுன் மங்களம் வந்தால் ஆளில்லாத தெருவும் போலீஸ் வேனும்தான்.

எங்கள் நாடகத்தில் கல்யாணம் முடிந்தால் மங்களம். கல்யாணத்துக்கு முன்னால் தர்க்கம். அவர் கேட்பார், நான் மறுப்பேன். எழுதிவைத்த வசனம் கிடையாது. வாய் உள்ளவள் எவ்வளவு நேரமும் இழுக்கலாம்.

எந்தப் பொண்டாட்டியும் புருஷனை அப்படி மறுத்திருக்க மாட்டாள். "ஆறு வாய்க்கும் சேத்து எம்புட்டுச் சோறு வடிக்கணும்? வீட்ல ஏற்கெனவே ஒருத்தி இருக்காளாமே, அவகிட்டக் கேட்டீரா?" கொட்டகை சிரித்தது. அவரும் சிரித்தார். உன்னால்தானே இத்தனையும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முன்வரிசையைப் பார்த்து விஷயம் புரிந்துகொண்ட ஜனங்கள், "விடாதக்கா, இன்னும் கேளு" என்று குரல் கொடுத்தார்கள்.

தொண்டை கட்டியது. கட்டின தொண்டையோடு அவருடைய குலத்தைக் கேட்டேன், மயிலுக்குத் தீனியைக் கேட்டேன். ஓலை இடுக்கில் வானம் வெளுத்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று மூச்சு வாங்க நிறுத்தினேன்.

ஆர்மோனியம் வாசித்த பாய், காலமெல்லாம் அந்த வெளுப்பைக் கண்டதும் மத்தியமாவதிதான் வாசித்தவர். அதுதான் மங்கள ராகம். கண் சொக்கியிருந்தவரின் விரல்கள் தாமாக அதற்குப் போயின. மிருதங்கம் சேர்ந்தது. என் வீட்டுக்காரரும் பழக்கத்தில் முதலடியை எடுத்துவிட்டார். எடுத்த மங்களத்தைப் பாதியில் நிறுத்தினால் ஊருக்கே ஆகாது என்பார்கள். இவ்வளவு நேரம் அவருக்காக என்னை ஏவிவிட்ட ஜனம் மொத்தமும் எழுந்து கைகூப்பியது. ஏட்டையாவும் எழுந்தார். பக்கத்திலிருந்து யாரோ மாலைகளை நீட்டினார்கள், மாற்றிக்கொண்டோம். சங்கு இன்னும் ஊதவில்லை.

பாட்டு முடிந்ததும் பாய் பெட்டிமேல் தலையைக் கவிழ்த்தார்.

"கை தானாப் போயிருச்சு தங்கச்சி."

அந்த நேரம் என் கையில் ஏதாவது கிடைத்திருந்தால் அவரை அடித்தே இருப்பேன்.

ஏட்டையா பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு மேடையேறினார். விலங்கைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"மாலைய நீயே கழட்டிரு ஆத்தா. நாங்க கழட்டக் கூடாது."

கழற்றினால் சாமி போய் வெறும் மனுஷராகிவிடுவார்; நான் கழற்றவில்லை. மாலையோடுதான் அவரை வேனில் ஏற்றினார்கள்.