நுனி வெட்டாத சுருட்டு

போன கார்த்திகையில் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் போய்விட்டு வந்தேன். கோயில் குளம் பார்க்கப் போகவில்லை. ஒரு சுருட்டு நல்லதா மட்டமா என்று சொல்லப் போனேன். சிரிக்க வேண்டாம். அந்தப் பதிலில் ஒரு பெண்ணின் கல்யாணம் இருந்தது.

விஷயம் இதுதான். திருச்சியில் என் பக்கத்து அறையில் இருக்கும் ரத்தினம் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். சொந்த ஊர் உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டுக்குள் இருக்கும் சின்னக் கிராமம். அவன் தங்கை செல்லம்மாளுக்கு அரியலூர் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருக்கும் ஒருவரைப் பேசியிருந்தார்கள். நாள் குறிக்கும் முன் ஊர் எல்லையில் உள்ள முனியிடம் உத்தரவு கேட்பது அவர்கள் குடும்ப வழக்கம். சிலையின் விரலிடுக்கில் ஒரு சுருட்டைப் பற்றவைத்துச் செருகுவார்கள். பாதிவரை எரிந்தால் சம்மதம், அதற்குள் அணைந்தால் இல்லை. வழக்கமாக வைப்பது உள்ளூர்க் கறுப்புச் சுருட்டு. தங்கை கல்யாணமாயிற்றே என்று ரத்தினம் இந்தத் தடவை, நான் குடிக்கிற உசத்திச் சுருட்டில் ஒரு கட்டு வாங்கிப் போனான். பற்றவைத்த வேகத்திலேயே அது அணைந்துவிட்டது.

அவன் அப்பா பெரியசாமி இதை இரண்டாகப் பிரித்துவிட்டார். சுருட்டு நல்லது என்றால், முனி மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறார். பேச்சு அதோடு முடிந்தது. சுருட்டு மட்டம் என்றால், முனி சுருட்டைத்தான் வேண்டாம் என்கிறார். வேறொன்று வைத்து மறுபடி கேட்கலாம். எது என்று சொல்ல, அதைக் குடிக்கிற ஆளே நேரில் வர வேண்டுமாம்.

நான் ஒரு மருந்துக் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவன். பெரம்பலூரில் பார்க்க வேண்டிய கடைகள் இரண்டு இருந்தன. சரி, ஒரே செலவில் இரண்டு காரியம் என்று கிளம்பினேன்.

என் சுருட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வெளிறிய பழுப்பு இலை, இறுக்கமான சுற்று. காரம் கிடையாது. புது வைக்கோல் வாசனையும், கடைசியில் லேசான ஒரு தித்திப்பும் வரும். ஒரு முனை மூடியிருக்கும். பேனாக் கத்தியால் நுனியை வெட்டிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். யுத்த விலையில் ஒன்று நாலணா. இதைக் குடிக்கத் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். அவர்களுக்கும் என்னைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது என்று கேள்வி.

திருச்சியிலிருந்து பெரம்பலூர் முப்பத்தைந்து மைல் இருக்கும். பஸ் கட்டணம் பதினாலணா. பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் வண்டி கரியில் ஓடுகிறது. பின்னால் அடுப்பு மாதிரி ஒரு பெரிய உருளை. மேடு வந்தால் வண்டி நின்றுவிடும், ஆட்கள் இறங்கி அடுப்பை ஊதும் காற்றாடியைச் சுற்ற வேண்டும். காலை ஏழு மணிக்குக் கிளம்பியவர்கள் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஏறாதீர்கள்.

சிறுவாச்சூர் தாண்டி வண்டி நின்றபோது டிரைவர் ஒரு கறுப்புச் சுருட்டைப் பற்றவைத்தார். வாசனை அடுப்புப் புகையையே அமுக்கியது. மரியாதைக்கு என் சுருட்டு ஒன்றை நுனி வெட்டிக் கொடுத்தேன். நாலு இழுப்பு இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், இது இன்னும் பத்தலீங்களா?"

"பத்திடுச்சே, புகை வருதே!"

"புகை வருதுங்க. வேற ஒண்ணும் வரலியே!"

மீதியை அணைத்து வைத்துக்கொள்ளவும் இல்லை, எறியவும் இல்லை. பெரம்பலூர்வரை விரலில் சும்மா வைத்திருந்தார். நல்ல மனுஷர்.

பெரம்பலூரில் கடைவீதி ஒன்றுதான். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள காப்பி கிளப்பில் இட்லி பரவாயில்லை. காப்பியை நம்ப வேண்டாம். மத்தியானம் இரண்டு மணிக்கு அரியலூர் பஸ். பத்தொன்பது மைல், எட்டணா. கரிசல் மண் மழையில் ஊறிக் கிடந்ததால் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். செருப்போடு இறங்கினேன், ஒரு செருப்பு மண்ணிலேயே தங்கிவிட்டது. மாலை அரியலூரில் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு சத்திரத்தில் தங்கினேன். அங்கே, முன்னாலேயே வந்துவிட்ட ரத்தினம் எனக்காகக் காத்திருந்தான்.

கடைவீதியில் ஒரு பாய் கடையில் சுருட்டு மட்டும் பல தினுசு வைத்திருந்தார். மறுபடி வைக்க நேர்ந்தால் இருக்கட்டும் என்று ரத்தினம் கேட்டான், "நல்ல சுருட்டு எதுங்க பாய்?"

"யாருக்கு?" என்றார் அவர்.

"யாருக்குன்னா என்னங்க, நல்லது நல்லதுதானே!"

"அது எப்படி தம்பி? அல்லா எல்லாருக்கும் ஒரே நாக்கையா வச்சான்? இவரு காரம் கேப்பாரு, அவரு வெல்லத் தண்ணி தெளிச்சது கேப்பாரு. ஆளைச் சொல்லு, சுருட்டைத் தரேன்."

முனிக்கு என்றதும் யோசிக்காமல் ஒரு கறுப்புக் கட்டை எடுத்துப் போட்டார். கட்டு இரண்டணா. முரட்டு இலை, தளர்ந்த சுற்று, இரண்டு முனையும் திறந்தே இருந்தது. ஒன்றை மூக்கருகே கொண்டுபோனேன். தும்மல் வந்தது. இதையா ஒரு தெய்வத்துக்கு வைப்பார்கள் என்று தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னேன். பாய் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறரை மணி பஸ்ஸில் உடையார்பாளையம். ஏழணா. அங்கிருந்து மாட்டுவண்டியில் முந்திரிக்காட்டு வழியே ஒரு மணி நேரம். சிவப்பு மண், நல்ல நிழல். இந்தப் பயணத்தில் இடுப்பு வலிக்காத பகுதி இது ஒன்றுதான்.

பெரியசாமி வயலிலிருந்து வரும்வரை ரத்தினத்தின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். செல்லம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். இருபது வயது இருக்கும். போகாமல் நின்று, இலையில் சுற்றிய ஒன்றை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்கு அணைஞ்சது இதாண்ணே. பூசாரி தூக்கிப் போடச் சொன்னாரு. நாந்தான் எடுத்து வச்சேன். அவங்ககிட்டக் காட்டு."

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒரு முனை கருகியிருந்தது. மறுமுனை கடையில் வாங்கியபடியே மூடிக் கிடந்தது. யாரும் நுனியை வெட்டவில்லை. கறுப்புச் சுருட்டுக்கு வெட்ட வேண்டிய வேலையே இல்லை. அதனால் வெட்ட வேண்டும் என்பதே அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வாய் வைத்தால் எச்சில் என்று பூசாரி இழுத்தும் பார்ப்பதில்லை. கர்ப்பூரத்தில் காட்டிப் பற்றவைத்து விரலிடுக்கில் செருகிவிடுவார்; மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். மூடிய சுருட்டுக்குள் காற்று எப்படிப் போகும்? சொன்னதும் ரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டேன்.

"புடிச்சிருக்குங்கண்ணே."

"என்ன பிடிச்சது அவர்கிட்ட?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "சொல்லத் தெரியலீங்க. இதுக்கு முன்ன மூணு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. அவங்கள்ட்ட இல்லாத ஒண்ணும் இவருகிட்ட இல்ல. ஆனா இவருதாங்க."

இதைவிடத் தெளிவாக யாராவது காரணம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

உச்சிவேளைக்கு முனியிடம் போனோம். பெரிய மீசை, உருட்டு விழி, சுதைச் சிலை. வலது கை விரல்கள் சுருட்டுக்கென்றே விரிந்திருந்தன. பெரியசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, வளவளன்னு வேணாம். அந்தச் சுருட்டு நல்லதா, மட்டமா?"

நான் நுனி விஷயத்தை விளக்கினேன். அணைந்த சுருட்டைக் காட்டினேன். கத்தியால் வெட்டியும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி. மூடிக் கெடந்துச்சு. சாமி நெனச்சா அதுக்குள்ள காத்து போவாதா?"

பூசாரி போகும் என்று தலையாட்டினார்.

"அதனால நுனிய வுடுங்க. சுருட்டு எப்புடி? நீங்க தெனம் குடிக்கிறீங்க. நல்லதுன்னுதானே குடிக்கிறீங்க?"

ரத்தினம் என் முழங்கையை அழுத்தினான். செல்லம்மாள் சற்றுத் தள்ளித் தட்டோடு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த கர்ப்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னால் அற்பமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: அந்த வார்த்தை எனக்கு எளிதில் வரவில்லை. அந்தச் சுருட்டுக்காக நான் நண்பர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். மேலதிகாரி ஒருவரிடம், உங்களுக்கு ருசி தெரியாது என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.

"மட்டம்தாங்க," என்றேன்.

"மட்டமா?"

"படு மட்டம். பழக்கதோஷத்துல குடிக்கிறேன்."

பெரியசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதான பாத்தேன்! வாசனையே இல்லாம ஒரு சுருட்டா? சாமிக்குக் கோவம் வராம என்ன செய்யும்?" என்று ரத்தினத்தின் பக்கம் திரும்பி, டவுனில் இருந்து என்னத்தைக் கற்றுக்கொண்டாய் என்று வைதார். ரத்தினம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

பாய் கடைக் கறுப்புச் சுருட்டைப் பூசாரி பற்றவைத்துச் செருகினார். முதலில் நன்றாக எரிந்தது. பிறகு காற்று நின்று, கங்கு சாம்பலுக்குள் மங்கிப்போனது. பெரியசாமியின் முகத்தைப் பார்த்தேன். அவரும் அது எரிய வேண்டும் என்றுதான் நின்றுகொண்டிருந்தார். முந்திரி இலைகள் சலசலத்தன. கங்கு சிவந்தது. சாம்பல் உதிர்ந்து முனியின் காலடியில் விழுந்தது. பாதியைத் தாண்டி எரிந்தது, முனியின் விரல்வரை எரிந்தது.

"ஒத்துக்கிட்டாரு," என்றார் பெரியசாமி. செல்லம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஏதோ என் வீட்டுக் கல்யாணம் போல அப்படி ஒரு சந்தோஷம்.

அதோடு விட்டார்களா? "மட்டத்தையே குடிச்சிப் பழகிட்டீங்க, இந்தாங்க" என்று கறுப்புச் சுருட்டில் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டார் பெரியசாமி. மறுக்க முடியுமா? அவர் கண்ணெதிரிலேயே முழுதும் குடித்தேன். கண்ணில் தண்ணீர், காதில் சத்தம். ருசி என்று பார்த்தால், கருகிய வெல்லத்தோடு மிளகைக் கடித்துத் தின்ற மாதிரி. எனக்கு ஆகவே ஆகாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே சுருட்டைக் கண்ணை மூடி அனுபவித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அரியலூரிலிருந்து ரயில். மூன்றாம் வகுப்பு பன்னிரண்டணா, திருச்சிக்கு இரண்டரை மணி நேரம். பஸ்ஸைவிட இதுவே மேல். ஸ்டேஷனில் மாப்பிள்ளையை ரத்தினம் காட்டினான். ஒல்லியான ஆள். பெரிய காதுகள். கைவிளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு காதும் சிவந்தது. நானும் நன்றாகத்தான் பார்த்தேன். எனக்கு விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷத்துக்கு என் சுருட்டு ஒன்றை நுனி வெட்டிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார், மறுபடி முகர்ந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கும் போலருக்குங்க சார்," என்று சொல்லிக் காதில் செருகிக்கொண்டார். பற்றவைக்கவே இல்லை.

வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் ஒன்றைப் பற்றவைத்தேன். புது வைக்கோல், கடைசியில் அந்தத் தித்திப்பு. அருமையாக இருந்தது. எதிரே இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகையைத் தவிர்த்துத் தை, மாசியில் போங்கள், கரிசல் காய்ந்திருக்கும். அரியலூர்வரை ரயிலில் போய்ப் பஸ்ஸை அங்கிருந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடிக்கிற சுருட்டை நீங்களே கொண்டுபோங்கள். அது உசத்தி என்று யாரிடமும் சாதிக்க வேண்டாம். முனிக்கு வைக்க வாங்குவதானால், விலையைப் பார்க்காமல் இரண்டு முனையும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டையை நம்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.