சாப்பிடாத எண்ணெய்

ஆய்வுக்கூடத்துப் பெண் ரத்தக் குழாயைத் தூக்கிக் காட்டினாள். சிவப்பு கீழே இறங்கி, மேலே பாலாடை மாதிரி வெள்ளையாக நின்றது.

“வெறும் வயித்துல வரச் சொன்னேன் இல்ல? இன்னா நாஷ்டா சாப்ட்டுக்கினு வந்தீங்க?”

“பச்சத் தண்ணி கூட குடிக்கலம்மா” என்றார் என் கணவர். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அரசாங்கம் கலர் டிவி கொடுத்த சமயம் அது. அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. சர்க்கரை வந்து ஐந்து வருஷம். இப்போது ட்ரைகிளிசரைடும் (ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு) எக்கச்சக்கம் என்றார்கள். தாளிக்கக்கூட எண்ணெய் ஊற்றாமல் மூன்று மாதம் வேகவைத்த காயாகவே போட்டேன். அடுத்த சோதனையிலும் இறங்கவில்லை.

ஆக, திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று முடிவு கட்டினேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையை மோந்து பார்ப்பேன். புதுவாயல் கூட்டுரோட்டில் பஜ்ஜி போடுகிறவரிடம் போய், “எங்க ஊட்டுக்காரரு இங்க வர்றாரா?” என்றே விசாரித்தேன்.

“டீக்கே சக்கர வேணான்ற மனுசன்மா அவரு” என்றார். ஆம்பளைக்கு ஆம்பளை விட்டுக்கொடுப்பானா என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார். “தெனமும் பேஜாரா கீதுமே. நான் இன்னா திருடனா?”

“அப்ப ரத்தம் மட்டும் எப்டி வெள்ளையாவுது?” என்றேன்.

அதன்பின் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நெஞ்சை அழுத்துகிறது என்பதைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு விசாரணை வரும் என்று பயந்திருக்கிறார். ஆலையில் சுருண்டு விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சென்னையில் ஸ்டென்ட் (அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தார்கள். டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டுகளை நிதானமாகப் பார்த்தார்.

“குடும்பத்துல வேற யாருக்காவது சின்ன வயசுல ஹார்ட் அட்டாக் வந்திருக்கா?”

அவருடைய அண்ணன் நாற்பத்து நாலு வயசில் நெஞ்சுவலியில் போனதைச் சொன்னேன்.

“கொழுப்பைக் கரைக்கிற மரபணு (பெற்றோர் வழியாக உடம்புக்கு வரும் கட்டளை) சிலருக்குப் பிறப்புலேயே கொஞ்சம் மாறியிருக்கும்மா. இவருக்கும் அப்படி இருக்கலாம். சர்க்கரையும் சேர்ந்ததால இதயத்துக்கு ஆபத்து கூடிடுச்சு. பத்தியம் மட்டும் போதாது, மாத்திரை வேணும். இவர் மேல தப்பில்ல.”

உங்கள் வீட்டிலும் பத்தியம் இருந்தும் கொழுப்பு இறங்கவில்லையென்றால் என்னைப் போலச் சட்டையை மோந்துகொண்டிருக்காதீர்கள். குடும்பத்தில் யார் யார் எப்படிப் போனார்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில், “மன்னிச்சுருய்யா” என்றேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் முதல் தடவை.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார். “நீ மோந்துதான் பாத்த. எங்கண்ணனுக்கும் ரத்தத்துல கொழுப்புன்னப்ப, குடிக்கவே இல்லன்னு டாக்டராண்ட சத்தியம் பண்ணாரு. நானு, குடிச்சே செத்தாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்.”

அந்த டிவி கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது; இப்போது அவருக்கு நாற்பத்தாறு. பஸ் நிறுத்தம் வரை நடக்கவே முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. நானும் களைத்துத்தான் போயிருக்கிறேன். போன வாரம் வழியில் மூச்சு வாங்க நின்றபோது, “இப்ப நான் எங்கண்ணனுக்கே அண்ணன் ஆயிட்டேம்மே” என்றார்.

அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

“அன்னிக்கு நம்பியிருந்தா, அவருக்கும் வயசாயிருக்கும்” என்றார்.