பெரணி சேகரிக்க மூன்று மாணவிகள்

குற்றாலத்துப் பெண்கள் கல்லூரியில் எனக்கு இருந்த வேலைகளில் நான் மிகவும் பயந்தது நோட்டீஸ் போர்டுக்குத்தான். தாவரவியல் துறையில் டெமான்ஸ்டிரேட்டர் என்று நியமித்திருந்தார்கள். மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து கொடுப்பது, செடித் தண்டைக் கண்ணாடி போல மெல்லியதாக அறுக்கக் கற்றுக்கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. ஆனால் ஆசிரியைகளில் நான்தான் வயதில் சின்னவள் என்பதால் சர்க்குலர் வேலையும் என் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் டைப் அடித்துத் தரும் தாளை வாங்கி, போர்டில் குத்தி, வகுப்பு வகுப்பாகப் போய் வாசிக்க வேண்டும். பரீட்சைக் கட்டணம், உதவித்தொகை, பேச்சுப் போட்டி, விடுதிச் சாப்பாட்டு நேரம் என்று எதுவானாலும் என் குரலில்தான் மாணவிகள் கேட்பார்கள்.

என் வேலை தற்காலிகம். எந்தத் தாளிலாவது 'தற்காலிக ஆசிரியைகள் இந்த மாதத்தோடு' என்று இருந்துவிடுமோ என்று ஒவ்வொன்றையும் கையில் வாங்கியதும் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன். வேலை போனால் என் ஊரான திருவேங்கடத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே என் அண்ணன்மார் இரண்டு பேரும், இவளை இவ்வளவு படிக்க வைத்ததே தப்பு என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. தென்காசிப் பக்கத்தில் பெண்பிள்ளைகளைப் பி.எஸ்ஸி. வரை அனுப்பும் வீடுகள் அப்போதுதான் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டிருந்தன.

ஐப்பசி பிறந்த சமயத்தில் ஒரு சர்க்குலர் வந்தது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு புரொபசர் குற்றாலம் மலையில் பெரணிச் செடிகளைச் சேகரிக்க வருகிறார். மூன்றாம் ஆண்டு மாணவிகள் மூன்று பேரும் ஓர் ஆசிரியையும் அவரோடு போகலாம். நன்றாகச் செய்கிறவர்களை அடுத்த வருஷம் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வது பற்றி யோசிக்கப்படும். வகுப்பில் இதை வாசித்தபோது இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். ஆராய்ச்சி என்ற சொல்லைத் தங்களுக்கானதாக அந்தப் பிள்ளைகள் அதுவரை கேட்டதில்லை.

பிரின்ஸ்பால் அம்மா என்னைக் கூப்பிட்டு, கூடப் போகவேண்டியது நான்தான் என்றார். மற்றவர்களுக்கெல்லாம் வீட்டில் கைக்குழந்தை. எனக்கு அந்த வாய்ப்பு வேண்டும்தான். ஆனால் மலையில் ஓடையும் அருவியும் உண்டு. எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். எங்கள் ஊரில் தண்ணீர் என்பது கிணற்றின் அடியில் கிடப்பது. அது தானாக ஓடி வந்து ஆளைத் தள்ளும் என்பதைக் குற்றாலத்துக்கு வந்துதான் பார்த்தேன். பேரருவியில் எல்லாரும் தலையைக் கொடுத்து நிற்கும்போது நான் ஓரமாக நின்று கையால் அள்ளி ஊற்றிக்கொள்வேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். ஒருத்தி தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஒருத்தி வாசுதேவநல்லூர். மூன்றாவது பெண் இலத்தூர். நிலபுலம் உள்ள பழைய குடும்பம், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர்கள். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் பெண் அவள். விடுதியில் இருந்தாள். அவள் அப்பா சம்மதம் சொல்ல நேரில் வந்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க கூடப் போறீங்கல்லா?"

"போறேன் அண்ணாச்சி."

"அப்பச் சரி. வெளக்கு வைக்கதுக்குள்ள கூட்டிட்டு வந்திருங்க. ஒங்கள நம்பித்தான் அனுப்புதேன்."

புறப்பட்ட காலை வெயில் பளிச்சென்று இருந்தது. புரொபசருக்கு ஐம்பது வயதிருக்கும். வேகமாக நடப்பவர். பின்னாலேயே அவருடைய உதவியாளர், செடி போடும் தகரப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். சிற்றருவியைத் தாண்டி ஏற ஏற, அட்டைகள் காலில் ஏறின. வாசுதேவநல்லூர்ப் பெண் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு குதி குதித்தாள். செண்பகாதேவி அருவிக்கு மேலே ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது. பாறைக்குப் பாறை கால் வைத்துப் போனால் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். இலத்தூர்ப் பெண்ணுக்கு உதவி செய்வதுபோல அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையில் அவள்தான் என்னைக் கரை சேர்த்தாள்.

அக்கரையில் நல்ல நிழல். பாறை இடுக்குகளில் விதவிதமான பெரணிகள். பயத்தை மறந்து நானும் மண்டியிட்டுப் பறித்தேன். இலத்தூர்ப் பெண் ஓர் ஈரப் பொந்துக்குள் கையை விட்டு, விரல் நீளம்கூட இல்லாத ஒரு செடியை வேரோடு எடுத்து வந்தாள். புரொபசர் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டு, அவளையே அந்த இடத்தைக் காட்டச் சொன்னார். அவள் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது மலை உச்சி கறுத்திருந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் ஓடையின் சத்தம் மாறியது. அதுவரை சளசளவென்று இருந்தது, அடித்தொண்டையில் இரைவதுபோல் ஆயிற்று.

"டீச்சர், தண்ணி கலங்குது" என்றாள் தென்காசிப் பெண்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். காலையில் கால் வைத்து வந்த பாறைகளில் பாதியைக் காணவில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்தது. சருகும் சுள்ளியும் மிதந்து போயின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முழு வாழைமரம் வந்து, பாறையில் முட்டி, திரும்பிக்கொண்டு போயிற்று.

புரொபசர் நிதானமாகத்தான் பேசினார். இன்னும் ஏறும், இப்போதே கடந்துவிட்டால் நல்லது, எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கலாம் என்றார். சாயங்காலம் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாணவிகள் மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இவரிடம்தான் ஆராய்ச்சி இடம் இருக்கிறது. இவர் ஒரு வார்த்தை எழுதினால் என் வேலையும் போகும். அதெல்லாம் தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

"பிள்ளைக வராது சார்."

"யார் சொல்றது?"

"நான்தான் சொல்லுதேன்." மேடைத்தமிழ் எல்லாம் போய், என் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. "எனக்குப் பயமா இருக்கு சார். பயந்து நடுங்குதவ கையப் பிடிச்சுக்கிட்டு யாரும் அக்கர போக முடியாது. எல்லாரையும் இழுத்துட்டுப் போயிருவேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, சரி, நாங்கள் போய் ஆட்களை அனுப்புகிறோம், மேட்டில் ஏறி இருங்கள் என்று சொல்லிவிட்டு உதவியாளரோடு இறங்கினார்.

நடு ஓடையில் உதவியாளருக்குக் கால் வழுக்கியது. இடுப்பளவு நின்றவர் மறுகணம் கழுத்தளவில் இருந்தார். தகரப் பெட்டி தோளிலிருந்து கழன்று, உருண்டு, அருவிப் பக்கமாகப் போய்விட்டது. சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் கிளை அவர் கையில் பட்டது. புரொபசர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். எப்படிக் கரை ஏறினார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டுவிட்டேன். வாசுதேவநல்லூர்ப் பெண்தான், ஏறிட்டாங்க டீச்சர், ஏறிட்டாங்க என்று என் தோளை உலுக்கினாள். அக்கரையில் உதவியாளர் ஒரு கையை மறு கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புரொபசர் எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அங்கேயே இருங்கள் என்று கையால் காட்டிவிட்டு இருவரும் கீழே இறங்கி மறைந்தார்கள்.

நாங்கள் நாலு பேர் மட்டும் நின்றோம். தண்ணீர் நாங்கள் சாப்பிட உட்கார்ந்த பாறையைத் தொட்டதும் இன்னும் மேலே ஏறினோம். அந்தப் பக்கம் யானை உண்டு என்று ஊரில் சொல்வார்கள். புதரில் ஏதாவது அசைந்தால் மூச்சை அடக்கிக்கொள்வோம். தென்காசிப் பெண் கண்ணை மூடி மெதுவாக ஜெபம் சொன்னாள். வாசுதேவநல்லூர்ப் பெண் அழுது ஓய்ந்து, மறுபடியும் அழுதாள். இலத்தூர்ப் பெண் மட்டும் மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்.

"எங்க அப்பா இன்னைக்கு வாரேன்னு சொல்லிருந்தாங்க டீச்சர். காலேஜ் வாசல்ல நிப்பாங்க."

அதன்பிறகு எனக்குத் தண்ணீர்ப் பயம் பாதியாகவும், வாசல் பயம் பாதியாகவும் ஆகிவிட்டது.

வெள்ளம் வந்த வேகத்திலேயே வடிந்தது. பொழுது சாயும் நேரத்தில் காட்டிலாகா ஆட்களும் கல்லூரி வாட்ச்மேனும் கயிற்றோடு வந்தார்கள். ஒவ்வொருத்தியாக இடுப்பில் கயிற்றைக் கட்டி அனுப்பினேன். எல்லாரும் போனபின் நான் இறங்கினேன். கால் தரையில் பாவவில்லை. யாரோ என்னைக் கண்ணைத் திறக்கச் சொல்லிக் கத்தினார்கள். நான் திறக்கவே இல்லை. சாக்கு மூட்டையை இழுப்பதுபோல இழுத்துக் கரையில் போட்டார்கள்.

கல்லூரி வாசலுக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கூட்டம் நின்றது. தென்காசிப் பெண்ணின் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இலத்தூர் அண்ணாச்சி அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மகளின் கையைப் பிடித்தார். விடுதியில் இருந்த அவள் பெட்டியைக்கூடக் கேட்காமல் கூட்டிக்கொண்டு போய்விட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. நாலு பொம்பளைகள் இரண்டு ஆம்பளைகளோடு மலையில் பொழுது சாயுமட்டும் இருந்தார்களாம். அந்த இரண்டு பேரும் மத்தியானமே இறங்கிவிட்டதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

பிரின்ஸ்பால் அம்மா ஒரு தாளைக் கொடுத்து எல்லா வகுப்பிலும் வாசிக்கச் சொன்னார். வழக்கம்போலக் கடைசி வரியைப் பார்த்தேன். என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. மறு உத்தரவு வரும்வரை எந்த மாணவியும் மலைக்குப் போகக்கூடாது என்று இருந்தது. திரும்பி வந்ததும் அவர் சொன்னார்: "நீ வேண்டாம்னு சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா அத நோட்டீஸ் போர்டுல போட முடியாதும்மா."

இலத்தூர்ப் பெண் வரவில்லை. நாட்கள் போயின. வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று இன்னொரு சர்க்குலர் வந்தது. அதை வாசிக்கும்போது அவள் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி இலத்தூர் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்த நேரமெல்லாம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்தேன்.

இலத்தூர் அண்ணாச்சி கூடத்தில் நாற்காலியில் இருந்தார். உட்காரச் சொன்னார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். மகள் கதவுக்குப் பின்னால் நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"ஊருல என்ன பேசுதாங்க தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. எனக்குத் தண்ணீரென்றால் பயம் என்பதையும், அதைச் சொல்லாமல் கூடப் போனதையும் சொன்னேன். அவர் காப்பியை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். நான் எடுக்கவில்லை. முதலில் சொல்லி முடிக்க வேண்டும் என்றிருந்தது.

"அந்தப் பெரியவரு கடக்கச் சொன்னாராம். நீங்கதான் மாட்டேன்னீங்களாம். ஏன்?"

"பயந்துதான் அண்ணாச்சி."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். தெருவில் ஒரு மாட்டுவண்டி போய் முடிந்தது.

"எம் மவளும் அதத்தான் சொன்னா. டீச்சர் கை வெடவெடன்னு ஆடுச்சாம். ஆடிக்கிட்டே அவர மறிச்சுப் பேசுனாங்களாம்." பிறகு உட்பக்கம் திரும்பாமலே குரலை உயர்த்திச் சொன்னார்: "ஏட்டி, திங்கக்கிழம புறப்படு. விடுதியெல்லாம் வேண்டாம். நானே கொண்டாந்து விட்டுட்டுக் கூட்டிட்டு வாரேன்."

சொன்னபடியே அந்த வருஷம் முழுக்க அவர் காலையிலும் மாலையிலும் வாசலில் வந்து நின்றார். அவள் பாஸ் செய்தாள். ஆராய்ச்சி இடத்துக்கான அறிவிப்பு வந்தபோது அவளை விண்ணப்பிக்கச் சொன்னேன். மெட்ராஸுக்கு அனுப்ப மாட்டார்கள், நீங்களே விண்ணப்பியுங்கள் டீச்சர் என்றாள். விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் அதே புரொபசர் இருந்தார். பாடத்தில் சில கேள்விகள் கேட்டுவிட்டு, தண்ணீர்ப் பயம் போய்விட்டதா என்றார். இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இடம் வேறு யாருக்கோ போயிற்று. அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமா என்பது எனக்கு இன்றும் தெரியாது. இலத்தூர்ப் பெண் கல்யாணமாகிச் செங்கோட்டைக்குப் போனாள். அங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாள்.

என் வேலை இரண்டாம் வருஷக் கடைசியில் நிரந்தரமாயிற்று. மலைக்குத் தடை விதித்த சர்க்குலரும் ஒருநாள் தானாக மறக்கப்பட்டுவிட்டது. மாணவிகளைக் கூட்டிக்கொண்டு பல தடவை செண்பகாதேவி வரை போயிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பயப்படாமல் போனதில்லை. ஒருமுறை மேலே கொஞ்சம் கறுத்ததும், செடி பறிக்கவே ஆரம்பிக்காத பிள்ளைகளை உடனே இறங்கச் சொல்லிவிட்டேன். அன்று மழையே பெய்யவில்லை. கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் கேட்காததுபோல, எல்லாரும் வந்தாயிற்றா என்று மறுபடியும் ஒரு தடவை எண்ணிக்கொண்டு நின்றேன்.