நூற்றுக்கு நூறு ஒத்துப்போன தாள்கள்

ரோண்டா கிளாசனுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். "இவ கையில உப்பைக் கொடுத்தாலும் நாக்குல வச்சுப் பார்த்துட்டுத்தான் உப்புன்னு ஒத்துக்குவா" என்பான் அவள் புருஷன் டுவைன். அந்தக் குணத்தை வைத்துத்தான் அவள் பத்தொன்பது வருஷம் பிழைத்தாள் என்பதை மட்டும் சொல்லமாட்டான்.

அயோவாவின் சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில், தேவாலயத்தின் நிலவறையில் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். காலை ஏழு மணிக்குக் குழந்தையைக் கையில் வாங்கும்போதே அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோவாள். காய்ச்சல் மருந்தின் செர்ரி வாசனை வந்தால் தொலைந்தது. "மருந்தை ஊத்தி அனுப்பியிருக்கே. பதினோரு மணிக்கு மறுபடி கொதிக்கும். தூக்கிட்டுப் போ, தாயே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். ஊரில் அவளைத் திட்டாத தாய் கிடையாது, ஆனால் ஒருத்தியும் வேறு காப்பகத்துக்குப் போனதில்லை.

ஒரு முறை இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் பார்த்து, இதற்கு ஏதோ சரியில்லை, பரிசோதியுங்கள் என்றாள். குழந்தையின் அப்பா, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். ரோண்டா வாயை மூடிக்கொண்டாள். அந்தக் குழந்தை பள்ளிக்குப் போனபிறகு அங்கே அதையேதான் சொன்னார்கள். நடுவில் மூன்று வருஷம் போயிருந்தது. அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகவே தங்கிவிட்டது. நாற்பத்தைந்தாம் வயதில் காப்பகத்தை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்து மாவட்டப் பல்கலைக்கழகத்தில் குழந்தை வளர்ச்சியும் வளர்ச்சிக் குறைபாடுகளும் பற்றிய முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள்.

அங்கே வேலை கண்ணாடிக்குப் பின்னால். இந்தப் பக்கம் இருட்டறை, அந்தப் பக்கம் வெளிச்சமான விளையாட்டறை. அங்கிருந்து பார்த்தால் வெறும் நிலைக்கண்ணாடிதான் தெரியும். உள்ளே குழந்தை பயிற்றுநரோடு விளையாட, அம்மா ஓரமாக உட்கார்ந்திருப்பாள். இருட்டில் இரண்டு மாணவர்கள் ஆளுக்கொரு தாளில் இருபத்தெட்டு கேள்விகளுக்கு மதிப்பெண் போடவேண்டும். குறையில்லை என்றால் சுழியம், லேசாக இருந்தால் ஒன்று, கவலைப்படும்படி இருந்தால் இரண்டு. பேசக்கூடாது, அடுத்தவர் தாளைப் பார்க்கக்கூடாது. இரண்டு தாளும் நூற்றுக்கு எண்பது ஒத்துப்போனால் நேராகக் கோப்புக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் பொறுப்பாளர் டாக்டர் ஆஸ்டர் வீடியோவைப் போட்டு இருவரையும் உட்காரவைத்து உரித்தெடுப்பார். இலையுதிர்காலத்தில் ஊழியர் இரண்டு பேர் விலகிப்போனதிலிருந்து, மூன்று வயது நிறையாத குழந்தைக்கு அரசு உதவி உண்டா இல்லையா என்பதே மாணவர்களின் தாள்களை நம்பித்தான் நடந்தது.

ரோண்டாவின் ஜோடி கோல்பி. இருபத்துமூன்று வயது, கல்லூரியிலிருந்து நேராக வந்தவன், டயப்பரைக் கையால் தொட்டிருக்கமாட்டான். தினமும் அவளுக்கு ஒரு காபி வாங்கிவருவான். அதுவே அவளுக்கு உறுத்தியது. சும்மா ஒருத்தன் எதற்குக் காபி வாங்கிக் கொடுப்பான்?

முதல் வாரம் இருவர் தாளும் நூற்றுக்கு எழுபத்தொன்றுதான் ஒத்துப்போயின. சண்டை போட்டுத் தீர்த்தார்கள். இரண்டாம் வாரம் தொண்ணூற்றாறு. அப்புறம் நூறு, நூறு, நூறு.

"உங்க ரெண்டு பேரையும் பார்த்து மத்தவங்க கத்துக்கணும்" என்றார் டாக்டர் ஆஸ்டர்.

ரோண்டா சிரித்தாள். ஆனால் நம்பவில்லை. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியும், காரமான சில்லிக் குழம்பில் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியை முக்கித் தின்பதா, தனியாகத் தின்பதா என்பதில் அவளுக்கும் டுவைனுக்கும் ஒத்துப்போனதில்லை. நேற்று வந்த இந்தப் பிள்ளையோடு இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு எப்படி ஒத்துப்போகும்?

காதைத் தீட்டிக்கொண்டாள். அவள் பென்சில் நின்றபிறகுதான் அவன் பென்சில் ஓடியது. தலையைத் திருப்பவே மாட்டான். பிறகுதான் பிடிபட்டது: மேஜை விளக்கின் வெளிச்சத்தில் அவள் தாள் எதிர்க் கண்ணாடியின் அடியில் மங்கலாகப் பிரதிபலித்தது. குழந்தையைப் பார்ப்பதுபோல் அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை பிரின்லி வந்தாள். இரண்டு வயது, பதினோரு மாதம். உள்ளே பொம்மை முயல் குதித்தது. மற்றக் குழந்தைகள் 'பார்த்தியா?' என்பதுபோல அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். பிரின்லி திரும்பவில்லை. நான்கு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நான்கு முறையும் அவள் தரை விரிப்பின் ஓரத்து நூலையே தடவிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்தில் ரோண்டாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தே தாளில் சுழியம் போட்டாள். அடுத்ததிலும் சுழியம். இரண்டு போடவேண்டிய இடமெல்லாம் சுழியம். பக்கத்தில் பென்சில் ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதித்து ஓடியது.

அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய், நினைவு ஆறுவதற்குள் உண்மையான மதிப்பெண்களை வேறொரு தாளில் எழுதிப் பையில் வைத்தாள். டாக்டர் ஆஸ்டரின் கதவு திறந்துதான் இருந்தது. வாசல்வரை போனவள் நின்றுவிட்டாள். திங்கட்கிழமை கூட்டத்தில் மாணவர்கள் எட்டு பேரும் இருப்பார்கள். எல்லார் முன்னாலும் அவன் மூஞ்சியைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. அந்த ஆசையில் அசிங்கம் எதுவும் அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

திங்களன்று, அலுவலகத்தில் வாங்கிய இரண்டு நகல்களோடு பையிலிருந்த தாளையும் சேர்த்து மூன்றையும் மேஜையில் பரப்பினாள். "இது நான் பொய்யா எழுதினது. இது அவன் எழுதினது. வரிக்கு வரி ஒண்ணு. இதுதான் நான் நிஜமாப் பார்த்தது. இப்ப சொல்லுங்க டாக்டர், யாரு பார்த்து யாரு எழுதினது?"

கோல்பியின் முகம் வெளுத்தது. டாக்டர் ஆஸ்டர் அவனைப் பார்க்கவே இல்லை. பொய்த்தாளை எடுத்து மூலையில் இருந்த எண்ணைப் படித்தார்.

"இது பிரின்லி பார்ட்ஸோட தாளா?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன், ரோண்டா. அடுத்த வாரம் அவளுக்கு மூணு வயசு. அதோட இந்த உதவி முடிஞ்சிடும், அதான் அவசரம். ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்கன்னு அவங்க அம்மாகிட்டச் சொல்லியாச்சு."

"நீங்க வீடியோவைப் பார்த்திருப்பீங்கன்னு..."

"ஒத்துப்போன தாளுக்கு நான் வீடியோ பார்க்கிறதில்ல. அது உங்களுக்குத் தெரியும். அதுக்குத்தானே ரெண்டு பேரை உட்காரவைக்கிறோம்!"

கோல்பிதான் முதலில் வாய் திறந்தான்.

"எனக்கு ஒண்ணுமே புரியல, ரோண்டா. எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் குழந்தையாத்தான் தெரியுது. நீங்க பத்தொன்பது வருஷம் பார்த்தவங்க. உங்களைப் பார்த்து எழுதினா எந்தக் குழந்தைக்கும் தப்பு நடக்காதுன்னு நம்பினேன்."

அவன் பேச்சில் ரோண்டா பொய்யைத் தேடினாள். கிடைத்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவன் பார்க்காம எழுதினான்" என்றார் டாக்டர். "நீங்க பார்த்துட்டு மாத்தி எழுதினீங்க. ரெண்டு பேரும் இனி அந்த அறைக்குள்ள போகவேண்டாம், நான் சொல்றவரைக்கும். உங்க குளிர்க்கோட்டை எடுத்துக்குங்க, ரோண்டா. அந்த அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

பிரின்லியின் அம்மா ஜோலீன் முட்டைப் பண்ணையில் வேலை பார்ப்பவள். கதவைத் திறந்ததும் டாக்டரை அடையாளம் கண்டு முகமெல்லாம் சிரிப்பு. "உள்ள வாங்க! நாலு நாளா எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டு இருக்கேன். தலைநகரத்து ஆஸ்பத்திரியில எட்டு மாசமாக் காத்திருந்து பரிசோதனைக்கு ஒரு நாள் கிடைச்சிருந்தது. வேற யாருக்காவது ஆகட்டும்னு அதையும் விட்டுக்கொடுத்துட்டேன்."

ரோண்டா நின்றபடியே சொன்னாள். பொறி வைத்ததை, சுழியங்களை, திங்கட்கிழமைவரை வாயை மூடிக்கொண்டிருந்ததை. எதையும் பூசி மெழுகவில்லை. அறையின் மூலையில் பிரின்லி தானியப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஜோலீன் முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்திருக்கவேண்டும். பிறகு சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷமா எனக்குள்ள ஏதோ சரியில்ல, சரியில்லன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. என் அம்மா நம்பல, புருஷன் நம்பல. நான் நம்பினேன். படிச்சவங்க நீங்க ஒண்ணும் இல்லன்னதும், அந்தச் சந்தேகத்தோட கழுத்தை நானே நெரிச்சேன். எத்தனை சந்தோஷமா நெரிச்சேன் தெரியுமா?"

 

"நாளைக் காலையில நானே பார்க்கிறேன்" என்றார் டாக்டர். "வயசு முடியறதுக்குள்ள எல்லாத்தையும் எழுதி அனுப்பிடலாம். ஆஸ்பத்திரிக்கும் நானே பேசுறேன்."

ஜோலீன் தலையசைத்தாள். "கூட்டிட்டு வர்றேன். வேற வழி?"

ரோண்டா பையிலிருந்து உண்மைத் தாளை எடுத்து நீட்டினாள். "நான் அன்னிக்குப் பார்த்தது இதுதான், ஜோலீன். இதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. சத்தியம்."

ஜோலீன் தாளை வாங்கவில்லை. நீட்டிய கையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதை எழுதினதும் நீங்கதானே?"