நீலத்துக்கு அடியில்

அந்த ஓவியரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, ஒரே ஆள் எத்தனை விதமாக வரைந்திருக்கிறார் என்பதைத்தான். நானும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் கணக்கில் ஏழு விதம். பத்திரிகைக்காரர்கள் ஆறு என்று எழுதுகிறார்கள். மைக்கோட்டுச் சித்திரங்களை அவர்கள் சேர்ப்பதில்லை. அதெல்லாம் பிற்பாடு வந்த ரசனை. முதன்முறை அவர் படங்களைப் பார்க்கப் போனபோது நான் தேடியது என் அண்ணனின் முகத்தை.

அறுபதுகளின் நடுவில் நான் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மாட்டுங்காவில் நாலு பேரோடு ஓர் அறை. அண்ணன் தாராவியில் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தான். ரோமம் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடும் தொட்டி ஒன்று அங்கே உண்டு. மழை நாளில் அதன் விளிம்பில் வழுக்கி உள்ளே விழுந்தான். தலைகுப்புற. வீட்டுக்குக் கொண்டுவரும்போதே முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். மதினி அதைப் பிரிக்க முயன்றாள்; பெண்கள் சேர்ந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவனுக்கு இருந்த ஒரே போட்டோ கல்யாணத்தில் எடுத்தது. முந்தைய மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஏறிய தண்ணீரில் அது ஊறி, மதினியின் புடவைக்கரை மட்டும் மிஞ்சியிருந்தது. இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்து ஆட்களிடம் உண்டு. இவன் விஷயத்தில் அதற்கும் வழியில்லை. முதல் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டி மாலை போடப் படம் வேண்டும். அதைவிட, மகளுக்கு நாலு வயது.

"நாளைக்கு இவ எங்கப்பா எப்படி இருப்பாருன்னு கேட்டா என்னத்தக் காட்டுவேன் தம்பி?" என்றாள் மதினி.

அப்போதுதான் எனக்கு அந்த ஓவியரின் ஞாபகம் வந்தது. பெயர் வருவதற்கு முன்னால் அவர் பட்டறைகளுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து வரைந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனை உட்காரவைத்து வரைவார். "அசையாம இருன்னா இருந்துரலாம்டே, சிரிக்காம இருன்னுல்லா சொல்லுதாரு," என்பான் அண்ணன். இப்போது அவருடைய எல்லாக் காலத்துப் படங்களையும் சேர்த்துக் கோட்டைப் பகுதியில் கண்காட்சி வைத்திருப்பதாகப் பேப்பரில் வந்திருந்தது.

மதினியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் கவலை. ரயிலில் பிள்ளையின் கை கதவுப்பக்கம் போகிறதா என்று பார்ப்பது. உள்ளே விடுவார்களா, சீட்டு உண்டா என்று யோசிப்பது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மதினிதான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். போட்டுக்கொள்ளச் சொல்லியும் கேட்கவில்லை.

மொத்தம் அறுபத்தெட்டுப் படங்கள். முதல் சுவரில் மீன் கூடைப் பெண்கள், ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிற ஆட்கள். கறுப்புக் கோடு தடிமனாக, முகமெல்லாம் கண். அடுத்த சுவரில் பித்தளைப் பாத்திரங்கள். மனிதர் யாருமே இல்லை, ஆனால் இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. பிறகு கட்டடங்கள், சந்துகள். பிறகு முகங்கள் சிறுத்து, புள்ளியாகி, காணாமல் போயின. கடைசிச் சுவரில் வெறும் நிறம்.

"இதெல்லாம் எத்தன பேரு வரைஞ்சது?"

"ஒரே ஆளுதான் மதினி."

"இம்புட்டும் ஒராளா? அப்ப எதுலயாவது இருப்பாவ."

முகம் உள்ள படங்கள் இருபத்தொன்று. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றோம். அண்ணன் இல்லை. மூலையில் ஒரு படத்தில் மட்டும் ஓர் ஆள் சாய்ந்த மரக்கட்டைமேல் தோலைப் போட்டுக் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தான். முதுகும் புஜமும்தான் தெரிந்தன. தலை தோலுக்கு அந்தப்பக்கம் தாழ்ந்திருந்தது.

"மதினி, இது அண்ணன்தான். தோள்பட்டையப் பாருங்க."

"தோளு அவியளதுதான்," என்றாள். "முதுகுக்கா மாலை போடச் சொல்லுதிய?"

ஓவியர் அங்கேதான் இருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைக் கையில் வண்ணக் கறை. எனக்குத் தெரிந்த ஆபீஸ் இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். அண்ணனின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. முழங்கை வரை சுண்ணாம்பேறி வெளுத்த அந்தக் கைகளை மறக்கவே முடியாது என்றார். அவன் எப்படிச் செத்தான் என்று சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, எங்களைக் கடைசிச் சுவருக்கு அழைத்துப் போனார். ஆளுயர நீலப்படம் ஒன்று. நான் நிற்காமல் கடந்துவந்த படம்; இதற்கு எதற்குப் பெரிய ஓவியர் என்று மனதுக்குள் முணுமுணுத்த படம்.

"இதற்கு அடியில் இருக்கிறான்," என்றார். அந்தக் காலத்தில் படம் வரையப் புதுத்துணி வாங்க வழியில்லாமல், வரைந்து முடித்த முகத்தின் மேலேயே இதைத் தீட்டினாராம்.

மதினிக்குச் சொன்னேன். அவள் படத்தை மேலும் கீழும் பார்த்தாள். மலைத்துப்போன மாதிரித் தெரியவில்லை. கணவன் அன்றாடம் செய்த வேலை அவளுக்குத் தெரியும்.

"சுண்ணாம்புத் தண்ணில ஊறப்போட்டுச் சொரண்டுனா மேல உள்ளது கழண்டு வந்துராதா? கேளுங்க தம்பி."

கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்படிச் செய்தால் மேலே உள்ளதோடு அடியில் உள்ளதும் சேர்ந்து வந்துவிடும் என்றார். அப்படியானால் ஞாபகத்திலிருந்து ஒன்று வரைந்து கொடுங்கள் என்றேன். பென்சிலை எடுத்தார். கண்காட்சித் தாளின் பின்பக்கத்தில் கைகள் வந்தன. மணிக்கட்டு, நகம், சுண்ணாம்பு வெடிப்பு எல்லாம் அச்சாக அண்ணன் கைகள். கழுத்து வந்தது. அதற்குமேல் பென்சில் நின்றுவிட்டது. இரண்டுமுறை வளைவு போட்டு அழித்தார்.

"முகம் வரவில்லை," என்றார். "மன்னியுங்கள். எத்தனையோ முகம் வரைந்துவிட்டேன்."

மதினி அந்தத் தாளை வாங்கிக்கொள்ளவில்லை. நீலத்தில் கண் எந்த இடத்தில் வரும் என்று மட்டும் கேட்கச் சொன்னாள். ஓவியர் கொஞ்சம் யோசித்து இரண்டு இடங்களை விரலால் காட்டினார். மதினி பிள்ளையை இடுப்பிலிருந்து தூக்கி, அந்த உயரத்துக்கு நேராகப் பிடித்தாள். நானும் கிட்டப்போய்ப் பார்த்தேன். தூரத்தில் ஒரே நிறமாகத் தெரிந்தது அப்படி இல்லை. பச்சை ஓடிய நீலம், சாம்பல் பூத்த நீலம், அடியிலிருந்து செம்மண் கசிகிற நீலம். நான் பார்த்த நல்ல படங்களில் அது ஒன்று. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பம் இருக்கவில்லை. பிள்ளை கை நீட்டியதும், படத்தைத் தொடாதே என்று காவலாள் அதட்டினான்.

திவசத்தன்று புதுவேட்டி ஒன்றை மடித்துப் பலகையில் வைத்து, அதற்குத்தான் மாலை போட்டோம். பாண்டுப்பிலிருந்து வந்த சித்தி, பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சினாள். "ஒங்கப்பா மொகம் நெனவிருக்காட்டீ? எப்படி இருப்பாரு, சொல்லு."

"நீலமா இருப்பாரு," என்றது பிள்ளை.

"யாரு, கிருஷ்ணரா?" என்று சித்தி சிரித்தாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். மதினி பரிமாறிக்கொண்டிருந்த குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு வெளியே போனாள். மிச்ச இலைகளுக்கு நான்தான் பரிமாறினேன்.