நான் திறந்தே பார்க்காத மென்பொருள்

விவாத மேடைகளில் தோல்வி அறியாதவன் நான். எங்கள் கல்முனைப் பாடசாலையின் கணினிக் கழகத்தையும் ஒரு மேடையாகவே கருதினேன். மாகாணப் போட்டிக்கு ஆறு வாரங்களில் ஒரு துப்பாக்கி சுடும் கேம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு வகுப்புக் கீழே படித்த, என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் பஸ்மினா, தான் வீட்டில் பழகிய இலகுவான மென்பொருளைப் பரிந்துரைத்தாள். கட்டங்களை இழுத்துப் பொருத்தினாலே அதில் எதிரி ஓடுவான், தோட்டா பாயும்.

“பால்குடிப் பிள்ளைகளின் பொம்மைப் பெட்டி அது!” என்று எள்ளினேன். பெரிய நிறுவனங்கள் கையாளும் மென்பொருளே நமக்குத் தகும் என முழங்கினேன். கைகள் உயர்ந்தன. யாருடைய கைகள் என்று பார்க்கும் பணிவு எனக்கிருக்கவில்லை. நான் முழங்கிய அந்தப் பெரிய மென்பொருளை ஒருமுறையேனும் திறந்ததுமில்லை.

எங்கள் பழைய கணினிகளில் அது திறக்கவே கால் மணி நேரம் எடுத்தது. இறுதி நாளில் எஞ்சியவை ஒரு வெறுந்தரையும் அசையாத துப்பாக்கியும் மட்டுமே. போட்டிக்கு அனுப்ப எதுவுமில்லை.

“நீயாவது எனக்கு எதிரா வாக்களிச்சிருக்கலாமே, புள்ள?” என்று பஸ்மினாவிடம் எரிந்து விழுந்தேன்.

“எங்க நானா! நீங்க கதைச்ச கதையில நானும் உங்களுக்குத்தானே கையத் தூக்கினன்.”

செய்து பார்த்து அறிந்திருந்த ஒருத்தியையே தன் அறிவை ஐயுற வைத்த அந்த முழக்கத்தை, இன்றும் நான் அருவருக்கிறேன்.