கோயில் கிணற்றில் நிரப்பிய போத்தல்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பண்டத்தரிப்பில் தோட்டம் செய்து, இரண்டு லொறி வாங்கி, மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவன். குடிதண்ணீரையும் சிறுநீரக வருத்தத்தையும் ஆராய வந்த மருத்துவக் குழு, ஊரவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் வேலை செய்வோம் என்றபோது, முதல் கதிரை எனக்குத்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். அப்படியே நடந்தது.

வாசிகசாலையில் கூட்டம். குழுவுக்குப் பொறுப்பான பெண் டொக்டர், "என்னத்தை ஆராயவேணும் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார். நான் எழுந்து, தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்து வளவுக்காரி குறுக்கிட்டாள்.

"அண்ணை, உங்கடை லொறிக்கதை பிறகு. டொக்டர், என்ரை மனுசனுக்குக் கிட்னி பழுதாப் போச்சு. எங்கடை கிணத்துத் தண்ணியை அவருக்குக் குடுக்கலாமோ, கூடாதோ? எனக்கு அதுதான் தெரியவேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவளுடைய கேள்விதான் ஆராய்ச்சியின் முதல் கேள்வியானது. விடை வரும்வரை அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று டொக்டர் சொல்ல, அவள் கோயில் கிணற்றிலிருந்து சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டி இழுத்தாள்.

அவள் சொன்ன கிணறு எங்கள் இரு வளவுகளின் எல்லையில் இருக்கிறது. பாதிப் பங்கு அவர்களுடையது. ஆனால் வெட்டியது நான். இருபத்துநான்கு வயதில், கல்லுக்கு வெடி வைத்து வெட்டினேன். ஊரில் கலியாணச் சமையல் என்றால் அந்தத் தண்ணீர்தான் பீப்பாயில் போகும்.

சோதனைக்குப் போத்தல்களில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வேலையை ஊரவர்களான எங்களிடமே தந்தார்கள். எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு நான். மற்ற வீடுகளில் எல்லாம் சொன்ன மாதிரியே நிரப்பினேன். கடைசியாக எங்கள் கிணறு. வாளியைக் கையில் எடுத்தவன் இறக்கவில்லை. சில காலமாகத் தேத்தண்ணீரில் வெள்ளையாக ஓர் ஏடு மிதப்பதைக் கண்டிருந்தேன். சுற்றிவர நான் உரம் கொட்டிய மண். என் கிணறு கூடாது என்று ஒரு கடதாசி சொல்லிவிட்டால், கலியாண வீட்டுக்காரன் பீப்பாயைத் திருப்பிக்கொண்டு போவான். கோயில் கிணற்றுக்குப் போய் அந்தப் போத்தலை நிரப்பினேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கிற வழக்கம்தானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

கடதாசி வந்தது. குடிக்கலாம் என்றிருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். அவள் அதை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தாள். கான் கட்டுவதை நிறுத்தினாள்.

எட்டு மாதத்தில் அவளுடைய மனுசன் செத்துப்போனான்.

தண்ணீரால்தான் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இல்லை என்று சொல்லவும் ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான்தான் அடைத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஆட்கள் சாப்பிட்டுப் போனபின் அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அண்ணை, அந்தக் கடதாசி இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிருக்கும். என்ரை கையாலை கூடாத தண்ணி குடுக்கேல்லை எண்டு ஒரு ஆறுதல்."

நான் இலையில் கிடந்த வடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கிழமை டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசுவார் என்றுதான் போனேன். ஏசியிருந்தால் திருப்பிக் கதைத்திருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஐயா, எங்களோடை சேர்ந்து வேலை செய்யிற ஆள் நீங்கள். அவவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும். நானும் வாறன். அவ இப்பவும் அதைத்தானே குடிக்கிறா."

போனோம். "வாங்கோ அண்ணை, வாங்கோ டொக்டர், தேத்தண்ணி குடியுங்கோ" என்றாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர். ஏடு மிதந்தது. டொக்டர் தொடவில்லை. நான் அடிவரை குடித்தேன். பிறகு சொன்னேன்.

அவள் அழவில்லை. சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்த கடதாசியை எடுத்து, விரித்து, எழுத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"தானும் நீங்களும் சேர்ந்து வெட்டின கிணறெண்டு அவர் கடைசிவரையும் சொல்லுவார்."

உண்மைதான். வெடி வைத்தது நான். உடைந்த கல்லெல்லாம் அள்ளி மேலே ஏற்றியவன் அவன். நான் அதை எங்கேயும் சொன்னதில்லை.

டொக்டர் புதுப் போத்தலை எடுத்தார். பழக்கத்தில் என் கைதான் முதலில் நீண்டது.

"நீங்கள் இருங்கோ அண்ணை" என்று அவள் போத்தலை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கப்பி உருளும் சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்திருந்த மரவாங்கிலேயே இருந்தேன்.